ஐந்து பீப் கேட்டால் சிபியுவா, பேட்டரியா, ரேமா? மதர்போர்டு பஸ்ஸரும் போஸ்ட் கார்டும் ஒரு மதிப்பீடு

"ஃபேன் சுத்துது, லைட் எரியுது, டிஸ்ப்ளே மட்டும் வரல." தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், ராமேஸ்வரம், கீழக்கரை, ஏர்வாடி வரை எந்த சர்வீஸ் கடையில் நின்றாலும் அதிகம் காதில் விழும் புகார் இதுதான். இ-சேவை மையம், ஜெராக்ஸ் கடை, லாட்ஜ், மீன் கம்பெனி ஆபீஸ் என்று இடம் மாறினாலும் பெட்டி பெரிதாக மாறுவதில்லை. செகண்ட் ஹேண்டில் வாங்கிய டெல் ஆப்டிபிளெக்ஸ் அல்லது எச்.பி.யாக இருக்கும். இல்லையென்றால் ஜி41, எச்61 என்ற பழைய இன்டெல் சிப்செட் போர்டில் அசெம்பிள் செய்ததாக இருக்கும்.

இந்தப் புகாரைப் பிரித்துப் பார்க்க மலிவான சாமான்கள் இரண்டு உண்டு. ஒன்று, போர்டின் நாலு பின்னில் சொருகும், பீப் அடிக்கும் சின்ன ஸ்பீக்கரான பஸ்ஸர். நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். இன்னொன்று, பிசிஐ (கூடுதல் கார்டு செருகும் பழைய வகை) ஸ்லாட்டில் செருகினால் இரண்டு இலக்க எண் காட்டும் போஸ்ட் கார்டு; போஸ்ட் என்பது ஆன் ஆனதும் பெட்டி செய்துகொள்ளும் சுயசோதனை. இதற்குச் சில நூறு ரூபாய் ஆகும். நமது தீர்ப்பை முன்னாலேயே சொல்லிவிடலாம். பஸ்ஸரை யோசிக்காமல் வாங்குங்கள், இரண்டாகவே வாங்குங்கள். போஸ்ட் கார்டு, பழைய போர்டுகள் தினமும் கைக்கு வரும் கடைக்காரருக்கு மட்டும் போதும். அவருக்கும்கூட அதில் உருப்படியாக உதவப்போவது எண்ணைவிட ஓரத்தில் எரியும் சின்ன விளக்குகள்தான்.

பஸ்ஸர்: பார்த்து வாங்க வேண்டிய சின்னச் சாமான்

பவர் பட்டனை அழுத்தியதும் பயாஸ் (கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்க போர்டின் சிப்பில் இருக்கும் மென்பொருள்) முதலில் சிபியு, ரேம், கிராஃபிக்ஸ் ஆகியவற்றைச் சோதிக்கிறது. அந்த நேரத்தில் திரைக்கு உயிர் வந்திருக்காது. கோளாறைச் சொல்ல அதற்கு இருக்கும் வழி சத்தம்தான். ஆடியோ சிப்பும் அப்போது தயாராகியிருக்காது என்பதால் போர்டில் உள்ள தனி டைமர் வழியாக அந்தச் சத்தம் வரும். பின்பக்கப் பச்சை ஓட்டையில் பெரிய ஸ்பீக்கரைச் சொருகிவிட்டுக் காத்திருந்தால் ஒன்றும் கேட்காது. முன்பெல்லாம் கேபினட்டோடு ஒரு ஸ்பீக்கர் வரும், இப்போதைய மலிவு கேபினட்களில் அது கிடையாது. ஆகவே பஸ்ஸர் மாட்டாத போர்டைப் பார்த்து "பீப்பே வரல, போர்டு போச்சு" என்று சொல்பவரிடம் பெட்டியை விடாதீர்கள்.

மாட்டும் இடம் போர்டுக்குப் போர்டு மாறும். எம்.எஸ்.ஐ.யில் ஜே.எஃப்.பி.2 என்று அச்சிட்ட தனி நாலு பின் இருக்கும். கிகாபைட், ஆசஸ் போர்டுகள் பலவற்றில் பவர் சுவிட்ச், எல்.இ.டி. பின்கள் இருக்கும் கூட்டத்துக்குள்ளேயே ஸ்பீக்கர் பின்னும் ஒளிந்திருக்கும். நாலில் ஒரு முனை 5 வோல்ட், மறு முனை சிக்னல், நடுவில் உள்ள இரண்டையும் பஸ்ஸர் தொடுவதில்லை. திருப்பி மாட்டினால் எதுவும் எரியாது. காயில் வைத்த சாதாரண பஸ்ஸர் எப்படி மாட்டினாலும் கத்தும். உள்ளேயே சர்க்யூட் வைத்த வகை திருப்பி மாட்டினால் ஊமையாகிவிடும், கழற்றித் திருப்பிப் போட்டால் சரி.

கடையில் கையில் எடுத்ததும் மூன்று விஷயம் பாருங்கள். மல்ட்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்துத் தொட்டால் காயில் பஸ்ஸர் சில பத்து ஓமுக்குள் காட்டும். பீசோ எனப்படும் தகடு வகை பஸ்ஸர் ஒன்றுமே காட்டாது. தகடு வகையின் சத்தம் மெலிசு. ராமேஸ்வரம் பஸ் ஸ்டாண்டு ஓரத்துக் கடையில் ஆம்னி பஸ் ஹாரனுக்கு நடுவே அது காதில் விழாது. இரண்டாவது, கருப்பு உருளையின் தலையில் ஒட்டியிருக்கும் வட்ட ஸ்டிக்கர். தொழிற்சாலையில் கழுவும்போது தண்ணீர் புகாமல் இருக்க ஒட்டியது அது. உரித்தால் சத்தம் நன்றாகவே கூடும். மூன்றாவதுதான் நம் ஊருக்கு முக்கியம். கனெக்டர் உள்ளே இருக்கும் உலோகக் கிளிப்பில் ஒரு சின்னக் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு என்று அர்த்தம். வாடைக்காற்று ஒரு பருவம் அடித்தால் துருப்பிடித்துவிடும். அப்புறம் கோளாறு போர்டிலா பஸ்ஸரிலா என்றே தெரியாது. பித்தளை, வெண்கலக் கிளிப் காந்தத்தில் ஒட்டாது. அதை ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு டூல் பையில் வையுங்கள்.

பெட்டிக்குப் பெட்டி மொழி வேறு

பஸ்ஸரோடு மடித்துவைத்த பொடி எழுத்துத் தாள் ஒன்று வரும். இந்தச் சாமானில் மோசமான பாகம் அதுதான். எல்லா பயாஸுக்கும் ஒரே பட்டியல் போலப் போட்டிருப்பார்கள். அதை நம்பினால் காசு போகும்.

ஐந்து பீப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். பயாஸ் எழுதும் கம்பெனிகளில் ஒன்றான ஏ.எம்.ஐ.யின் பழைய பயாஸில் ஐந்து என்றால் சிபியு கோளாறு. டெல் பெட்டியில் ஐந்து என்றால் கடிகார பேட்டரி, அதாவது சில பத்து ரூபாய் சி.ஆர்.2032 வில்லை. பழைய எச்.பி.யில் பவர் விளக்கு சிவப்பாக ஐந்து முறை மினுக்கி, கூடவே ஐந்து பீப் அடித்தால் ரேம். ஒரே ஐந்துதான். ஒரு கடையில் சிபியு மாற்றச் சொல்வார்கள், இன்னொரு கடையில் பேட்டரி மாற்றி அனுப்புவார்கள்.

ஒரு நீளம், இரண்டு குட்டையும் இதே கதைதான். அவார்டு என்ற இன்னொரு கம்பெனியின் பயாஸில் அது கிராஃபிக்ஸ் கோளாறு. ஆசஸ் போர்டுகளில் ஒரு நீண்ட பீப்பும் இரண்டு குட்டையும் கேட்டால் ரேம் தெரியவில்லை என்று பொருள். அங்கே நீளத்தோடு மூன்று குட்டை வந்தால்தான் கிராஃபிக்ஸ், நான்கு வந்தால் வேறு ஏதோ ஹார்டுவேர் பழுது. ஆசஸில் இந்தச் சத்தத்தைக் கேட்டு கிராஃபிக்ஸ் கார்டை மாற்றிக்கொண்டிருந்தால் பொழுதுதான் போகும், ரேம் அப்படியே இருக்கும்.

அதனால் எண்ணத் தொடங்குமுன் போர்டின் பெயரைப் படியுங்கள். ஸ்லாட்டுகளுக்கு நடுவே பெரிய எழுத்தில் மாடல் அச்சிட்டிருக்கும். தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலின் மேனுவலை இறக்கி, அதில் உள்ள பட்டியலை மட்டும் நம்புங்கள். அடிக்கடி தேவைப்படுபவை இவை:

பழைய ஏ.எம்.ஐ.யில் குட்டை பீப்களின் எண்ணிக்கைதான் கணக்கு. 1, 2, 3 ஆகிய மூன்றும் ரேம் பக்கம். 6 கீபோர்டு கன்ட்ரோலர், 8 கிராஃபிக்ஸ் நினைவகம், 9 பயாஸ் சிப்பில் உள்ள தகவல் கெட்டது, 11 கேஷ். ஒரே பீப் அடித்துப் படமும் வந்தால் எல்லாம் நலம். ஒரே பீப் அடித்துப் படம் வராவிட்டால் ரேமைக் கழற்றுமுன் மானிட்டர் கேபிளைப் பாருங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு போட்ட பெட்டியில் கேபிளை போர்டின் ஓட்டையிலேயே சொருகியிருப்பது வாரம் தவறாமல் நடக்கும் கூத்து.

அவார்டில் நீண்ட பீப் விட்டுவிட்டு நிற்காமல் வந்தால் ரேம். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது சத்தம் ஏறி இறங்கி மாறி மாறி வந்தால் சிபியு சூடு அல்லது நின்றுபோன ஃபேன். இன்டெல் பெயரிலேயே வந்த பழைய போர்டுகளில் மூன்று பீப், சற்று இடைவெளி, மறுபடி மூன்று என்று அணைக்கும்வரை அடித்தால் ரேம்.

டெல்லில் 1 பயாஸ் அல்லது போர்டு, 2 ரேம் தெரியவில்லை, 3 சிப்செட், 4 ரேம் இருக்கிறது ஆனால் படிக்க, எழுத முடியவில்லை, 5 பேட்டரி, 6 கிராஃபிக்ஸ், 7 சிபியு, 8 லேப்டாப் திரை. இரண்டுக்கும் நான்குக்கும் உள்ள வித்தியாசம் இந்தக் கரையில் காசு பெறும். இரண்டு என்றால் பெரும்பாலும் ரேமின் காலில் (ஸ்லாட்டுக்குள் செருகும் உலோக முனைகளில்) களிம்பு, சுத்தம் செய்தால் போதும். நான்கு, சுத்தம் செய்த பிறகும் திரும்ப வந்தால் ரேம் கட்டையையே மாற்ற வேண்டியிருக்கும்.

பழைய எச்.பி.யில் சிவப்பு மினுக்கல் 2 சூடு, 3 சிபியு, 4 பவர் சப்ளை, 5 ரேம், 6 கிராஃபிக்ஸ், 7 போர்டு, 8 பயாஸ். ஐந்து சுற்றுக்குப் பிறகு பீப் நின்றுவிடும், விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டே இருக்கும். தாமதமாக வந்தவர் விளக்கை எண்ணிக்கொள்ளலாம். அதற்குப் பிந்திய எச்.பி.களில் சிவப்பு நீளமாகவும் வெள்ளை குட்டையாகவும் மினுக்கும். முதலில் சிவப்பை எண்ணுங்கள், பிறகு வெள்ளையை. மூன்று சிவப்பு, இரண்டு வெள்ளை என்றால் ரேமில் நிற்கிறது. மூன்று, மூன்று என்றால் கிராஃபிக்ஸ். நான்கு, இரண்டு என்றால் சிபியு சூடு.

எண்ணுவதில் தவறு வருவது சகஜம். போனில் ஒலிப்பதிவு செய்து இரண்டு முறை போட்டுக் கேளுங்கள். ஃபீனிக்ஸ் வகை பயாஸில் 1-3-4-1 என்று கொத்துக் கொத்தாக வரும், இடைவெளியையும் குறித்தால்தான் அர்த்தம் கிடைக்கும். இன்னொன்று: சத்தம் பெட்டியிலிருந்துதான் வருகிறதா என்று பாருங்கள். கரண்ட் போனதும் யு.பி.எஸ். அடிக்கும் பீப்பை எண்ணிவிட்டு "நாலு பீப் சார்" என்று போனில் சொல்பவர்கள் உண்டு. கீபோர்டு மேல் ஃபைல் கட்டு ஏதாவது அழுத்திக்கொண்டிருந்தாலும் பயாஸ் குட்டை குட்டையாகக் கத்தும்.

ரேமைக் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள்

பஸ்ஸருக்கு நாம் மதிப்பெண் போடுவது முக்கியமாக இந்தச் சோதனைக்காகத்தான். பட்டியல் கிடைக்காத போர்டிலும் இது நடக்கும்.

பிளக்கைப் பிடுங்குங்கள். பவர் பட்டனைப் பத்து வினாடி அழுத்திப் பிடித்து மிச்சக் கரண்ட்டை வடியவிடுங்கள். ரேம் எல்லாவற்றையும் கழற்றுங்கள், தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் அதையும். ஹார்டு டிஸ்க், முன்பக்க யு.எஸ்.பி. ஒயர்களையும் பிடுங்கிவிடுங்கள். போர்டு, சிபியு, ஃபேன், எஸ்.எம்.பி.எஸ். (பவர் சப்ளை), பஸ்ஸர் மட்டும் மிஞ்சட்டும். இப்போது ஆன் செய்யுங்கள்.

ரேம் இல்லையே என்று போர்டு கத்தினால் நல்ல செய்தி. சிபியு வேலை செய்கிறது, பயாஸ் சிப் படிக்கப்படுகிறது, எஸ்.எம்.பி.எஸ். அடிப்படை வோல்ட்டைக் கொடுக்கிறது. கோளாறு ரேமிலோ, ரேம் ஸ்லாட்டிலோ, கழற்றி வைத்த சாமானிலோதான். ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டிக்கொண்டே வந்தால் ஆள் அகப்பட்டுவிடும். சத்தமே வராவிட்டால் எஸ்.எம்.பி.எஸ்., போர்டு, சிபியு, பயாஸ் என்ற நான்குக்குள் தேட வேண்டும். ரேமைத் தேய்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. இந்த ஒரு பிரிவினையே பாதி நாளைச் சேமிக்கும்.

ரேமைத் திரும்பப் போடும்போது ஒரே ஒரு கட்டை போடுங்கள். நாலு ஸ்லாட் போர்டில் பெரும்பாலும் சிபியுவிலிருந்து இரண்டாவது ஸ்லாட், மேனுவல் வேறு சொன்னால் அதுபடி. இரண்டு பக்கக் கிளிப்பும் "டக்" என்று பூட்ட வேண்டும். அதே கட்டையை அடுத்த ஸ்லாட்டிலும், அடுத்த கட்டையை முதல் ஸ்லாட்டிலும் போட்டுப் பார்த்தால் கெட்டது கட்டையா ஸ்லாட்டா என்று தெரிந்துவிடும். டி.டி.ஆர்.3 கட்டைக்கு 240 கால், டி.டி.ஆர்.4க்கு 288. வெட்டு இருக்கும் இடமும் வேறு. அழுத்தம் கொடுத்து மாற்றிப் போட நினைக்காதீர்கள்.

இந்தக் கரையில் ஏன் ரேம் பீப் அதிகம்

2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தனிப் பாதுகாப்புப் பெயின்டும் கொடுத்தார்கள். ரேம் காலில் இருப்பதோ நிக்கலுக்கு மேலே மைக்ரான் கணக்கில் மெல்லிய தங்கப்பூச்சு. மலிவு போர்டின் ஸ்லாட் கிளிப்பில் அதைவிடவும் மெலிசு. பூச்சில் ஊசித் துளை இருந்தால் போதும், உப்பு ஈரம் புகுந்து உள்ளே இருக்கும் செம்பைத் தின்னத் தொடங்கும். பச்சையாகக் களிம்பு பூக்கும்.

சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே தண்ணீரை இழுத்துக் கரையும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அதற்கும் வெகு கீழேயே ஈரமாகிவிடும். அதாவது போர்டில் படிந்த உப்புத்தூசி நம் ஊரில் ஏறக்குறைய எப்போதும் ஈரம்தான். பகலில் பெட்டி ஓடும் சூட்டில் அது காயும். இரவில் அணைத்துப் பூட்டிவிட்டுப் போனால் மறுபடி நனையும். "காலையில வராது, நாலஞ்சு தடவை ஆன் ஆஃப் பண்ணினா பத்து மணிக்கு மேல வந்துடும்" என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மதுரையில் உள்ள டெக்னீஷியனுக்கு இது புதிராக இருக்கலாம், தங்கச்சிமடத்தில் இருப்பவருக்கு இருக்கக் கூடாது.

சுத்தம் செய்ய 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்குங்கள். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 70 சதவீதத்தில் தண்ணீர் அதிகம், காய நேரமாகும். பஞ்சு உதிராத துணியை நனைத்து ரேம் கால்களை மேலிருந்து விளிம்பு நோக்கி ஒரே திசையில் துடையுங்கள். பள்ளிக்கூட வெள்ளை ரப்பரால் தேய்ப்பது எல்லாக் கடையிலும் நடக்கிறது. களிம்பு விடாப்பிடியாக இருந்தால் லேசாக இரண்டு இழுப்பு இழுக்கலாம், துகளை ஆல்கஹாலால் துடைத்துவிட வேண்டும். மை அழிக்கும் சொரசொர ரப்பர் வேண்டவே வேண்டாம். தங்கத்தைச் சுரண்டிவிட்டால் அன்றைக்குப் படம் வரும், அடுத்த வாடைக்குள் பழைய நிலைக்கே வந்து நிற்கும். அப்புறம் ரப்பரும் காப்பாற்றாது.

கட்டையை மட்டும் துடைத்துவிட்டு ஸ்லாட்டை மறப்பதுதான் பொதுவான பிழை. மெல்லிய பிரஷ்ஷை ஆல்கஹாலில் நனைத்து ஸ்லாட் உள்ளே நீள வாக்கில் ஓட்டுங்கள், கட்டையை இரண்டு மூன்று முறை போட்டு எடுங்கள், கால் மணி நேரம் காயவிடுங்கள். வாயால் ஊதாதீர்கள். ஏற்கெனவே உப்பு இருக்கும் இடத்தில் எச்சில் ஈரம் எதற்கு? தின்னர் ஸ்லாட் பிளாஸ்டிக்கை இளக்கிவிடக்கூடும். போட் இன்ஜின் போல்ட்டுக்கு அடிக்கும் துரு நீக்கி எண்ணெய் ஸ்பிரேயை ஸ்லாட்டில் அடிக்கும் வழக்கமும் இங்கே உண்டு. எண்ணெய்ப் படலம் மணலையும் தூசியையும் ஒட்டவைத்துக்கொள்ளும். கச்சான் (மேற்குப் பக்கக் காற்று) அடிக்கும் மாதங்களில் கேட்கவே வேண்டாம்.

சத்தமே இல்லை என்றால்

முதலில் சிபியுவுக்கான 4 பின் அல்லது 8 பின் 12 வோல்ட் ஒயர். அது கழன்றிருந்தால் ஃபேன் சுற்றும், போர்டு வாயே திறக்காது. பிறகு மல்ட்டிமீட்டர். 24 பின் கனெக்டரில் ஊதா ஒயரில் பிளக் போட்டதுமே 5 வோல்ட் இருக்க வேண்டும். ஆன் செய்ததும் சாம்பல் ஒயரிலும் 5 வோல்ட் பக்கம் ஏற வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். "எல்லாம் சரி" என்று போர்டுக்குச் சொல்வது அந்த ஒயர் வழியாகத்தான். அது ஏறாவிட்டால் போர்டு ரீசெட்டிலேயே உட்கார்ந்திருக்கும். மஞ்சளில் 11.4 முதல் 12.6, சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வோல்ட் வரை இருக்கலாம். பச்சையையும் கருப்பையும் கம்பியால் இணைத்து ஃபேன் சுற்றினால் எஸ்.எம்.பி.எஸ். நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். லோடு இல்லாமல் பழுதான சப்ளையும் சுற்றலாம்.

எஸ்.எம்.பி.எஸ். சரியாக இருந்தால் வில்லை பேட்டரியைக் கழற்றி அளந்து பாருங்கள். 3 வோல்ட் இருக்க வேண்டியது, 2.7க்குக் கீழே போனால் மாற்றிவிடலாம். மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கி, பேட்டரி இல்லாமல் சில நிமிடம் விட்டால் பயாஸ் அமைப்பும் பழைய நிலைக்குத் திரும்பும். பேட்டரித் தொட்டியின் அடித் தகட்டில் களிம்பு இருந்தால் புதுப் பேட்டரியும் வேலை செய்யாது. தொட்டியையும் துடையுங்கள்.

கரையோரத்துக்கே உரிய வில்லன் ஒருவன் உண்டு: முன்பக்க யு.எஸ்.பி. ஓட்டை. கேபினட்டின் மூடாத ஓட்டைக்குள் உப்புத்துரு வளர்ந்து 5 வோல்ட்டையும் எர்த்தையும் சேர்த்துவிடும். சில போர்டுகள் ஸ்டார்ட்டே ஆகாது. சில, யு.எஸ்.பி.யில் கரண்ட் அதிகம், 15 வினாடியில் அணைகிறேன் என்று திரையில் எழுதிவிட்டு அணையும். உள்ளே அந்த ஒன்பது பின் ஒயரைப் பிடுங்கினால் பெட்டி ஓடும். பவர் சுவிட்சும் இப்படித்தான், துருப்பிடித்து அழுந்திய நிலையிலேயே நின்றுவிட்டால் ஆன் ஆகிச் சில வினாடியில் அணையும். சுவிட்ச் ஒயரைக் கழற்றி, அந்த இரண்டு பின்னை ஸ்குரூ டிரைவர் முனையால் ஒரு தட்டு தட்டி ஆன் செய்து பாருங்கள்.

போஸ்ட் கார்டு: எண்ணை நம்புமுன்

பயாஸ் ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு எண்ணை 80 என்ற ஹெக்ஸ் முகவரிக்கு அனுப்பும். போஸ்ட் கார்டு அதைப் பிடித்துக் காட்டுகிறது. எந்த எண்ணில் நின்றதோ அங்கே கோளாறு. பீப்பைவிட நுணுக்கமான தகவல் என்பதில் சந்தேகமில்லை. அவார்டில் சி1-இல் நின்றால் ரேம். இப்போதைய ஏ.எம்.ஐ.யில் 53 என்றால் பயன்படுத்தக்கூடிய ரேம் இல்லை, 55 என்றால் ரேம் போடவே இல்லை, டி6 என்றால் படம் காட்ட வழி இல்லை.

சிக்கல் என்னவென்றால் அந்த எண் பிசிஐ ஸ்லாட்டுக்கு வந்து சேர வேண்டும். ஜி41 போர்டில் பிசிஐ சிப்செட்டிலேயே இருக்கிறது, அங்கே கார்டு நன்றாக வேலை செய்கிறது. எச்61 சிப்செட்டில் சொந்தமாக பிசிஐ கிடையாது. ஸ்லாட் இருந்தாலும் இடையில் ஒரு பிரிட்ஜ் சிப் வழியாகத்தான் வரும். 80-ஆம் முகவரியை எந்தப் பக்கம் திருப்புவது என்பதை பயாஸ் தீர்மானிக்கிறது. வேறு பக்கம் திருப்பினால் கார்டில் 00, எஃப்எஃப் அல்லது இரண்டு கோடுகள் நிற்கும். சிபியு ஓடாவிட்டாலும் அதே 00, அதே எஃப்எஃப்தான் நிற்கும். போர்டு செத்ததா, எண் இந்தப் பக்கம் வரவில்லையா என்று கார்டு சொல்லாது. நல்ல நிலையில் ஓடும் அதே மாடல் போர்டில் ஒருமுறை போட்டுப் பார்த்துக் குறித்து வைத்திருந்தால் ஒழிய இந்த எண்ணை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

விளக்குகளுக்கு இந்தக் குழப்பம் இல்லை. 5, 12, 3.3 வோல்ட் விளக்குகள் எரிகின்றனவா என்று ஒரு பார்வையில் தெரிகிறது. ரீசெட் விளக்கு ஆன் செய்ததும் ஒரு கணம் எரிந்து அணைய வேண்டும். அணையாமல் நின்றால் பவர் குட் சிக்னல் (முன்பு சொன்ன சாம்பல் ஒயரில் வருவது) வரவில்லை அல்லது ரீசெட் சுவிட்ச் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. கிளாக் விளக்கு எரியாவிட்டால் கோளாறு போர்டிலேயே. மைனஸ் 12 விளக்கு எரியாததற்கு மட்டும் பதற வேண்டாம், இன்றைய போர்டுகள் அதைத் தேடுவதில்லை.

வாங்கினால் ஒரு எச்சரிக்கை. இந்தக் கார்டில் பின் தகடு இருக்காது, 3.3 வோல்ட்டுக்கும் 5 வோல்ட்டுக்குமான இரண்டு வெட்டும் இருக்கும். பிசிஐ ஸ்லாட்டில் அந்த வெட்டுகள் இரு முனையிலிருந்தும் சம தூரத்தில் அமைந்தவை. அதனால் கார்டைத் திருப்பியும் செருக முடியும், செருகி ஆன் செய்தால் கார்டும் போகலாம் போர்டும் போகலாம். சிப்கள் பதித்த பக்கம் எது என்று அம்புக்குறி அச்சிட்டிருந்தால் பாருங்கள், இல்லாவிட்டால் முதல் நாளே மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். டப்பாவில் வரும், எண்களுக்கு அர்த்தம் சொல்லும் புத்தகமும் பஸ்ஸர் தாளுக்குச் சளைத்ததல்ல, பழைய பயாஸ்களோடு நின்றுவிடுகிறது.

பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் மட்டும் செருகும் கார்டு என்று விற்பதை நாம் பரிந்துரைக்கவில்லை. அந்த ஸ்லாட்டுக்கு 80-ஆம் முகவரி பொதுவாக வருவதில்லை. டி.பி.எம். (பாதுகாப்பு சிப்புக்கான) பின்னில் மாட்டும் ஒயரோடு வரும் வகை சில போர்டில் ஓடும், ஆனால் பின் அமைப்பு கம்பெனிக்குக் கம்பெனி வேறு. மேனுவல் படம் இல்லாமல் மாட்டாதீர்கள்.

புதுப் போர்டு வைத்திருப்பவர்களுக்கு இரண்டும் தேவைப்படாமல் போகலாம். பல போர்டுகளில் சிபியு, டி ரேம், வி.ஜி.ஏ., பூட் என்று நாலு சின்ன விளக்கு இருக்கும், நின்ற இடத்தில் விளக்கும் நிற்கும். டி.டி.ஆர்.5 போர்டில் முதல் தடவை ரேமை ஒத்திசைக்கச் சில நிமிடம்கூட ஆகலாம். டி ரேம் விளக்கு எரிகிறதே என்று உடனே அணைத்துவிடாதீர்கள்.

லேப்டாப்புக்கென்று விற்கும் மினி கார்டு இந்த மதிப்பீட்டில் தேறவில்லை, பெரும்பாலான மாடல்களில் எண்ணே வருவதில்லை. டெல் லேப்டாப்பாக இருந்தால் காசில்லாமலே விளக்கை எண்ணலாம். ஆரஞ்சு இரண்டு, வெள்ளை மூன்று என்றால் ரேம் தெரியவில்லை. இரண்டு, நான்கு என்றால் ரேம் பழுது. இரண்டு, ஏழு என்றால் திரை. மூன்று, ஒன்று என்றால் கடிகார பேட்டரி. பின் மூடியைத் திறக்குமுன் சார்ஜரைப் பிடுங்கி, உள்ளே திறந்ததும் முதல் வேலையாகப் பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிட்டு அப்புறம் ரேமைத் தொடுங்கள்.